நேர்முகத் தேர்வும் நம் குழந்தைகளும்

ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுப் பிரியும் காலம் நெருங்குங்கால், பெற்றோர் சிலர் நம் அலுவலகத்தை நாடி வருவதுண்டு. "ஐயா, பிள்ளையை விடுதியுள்ள பள்ளியில் சேர்க்கப் பரீட்சை உண்டாமே? பேட்டியும் உண்டாமே? அதற்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும்?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வியாகும். புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டால் ஆயத்தம் முடிந்துவிடும் என்னும் எண்ணம் அக்கேள்வியில் அடங்கியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், உண்மையான ஆயத்தம் யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாருக்கு இத்தேர்வு?

முதற்கண் ஒரு செய்தியைத் தெளிவாக்குவோம். நம் நாட்டில் 1964ஆம் ஆண்டு வரை, தொடக்கப்பள்ளிக் கல்வியை முடித்த மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் நுழைவதற்கு ஒரு தேர்வில் தேற வேண்டியிருந்தது. அதில் தவறியவர்களின் கல்வி பெரும்பாலும் அத்துடன் நின்றது. தோட்டப்புறத்தில் அவர்கள் பெற்றோருடன் வேலைக்காட்டிற்குச் சென்றனர். 1965ஆம் ஆண்டு முதல் அத்தடை நீங்கிற்று. பின்னர் 1988ஆம் ஆண்டு தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு, 2019ஆம் ஆண்டில் இறுதியாக நடைபெற்று, 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆகவே, அருகிலுள்ள அரசாங்க இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்வதற்கு எந்தப் பிள்ளையும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. இதனை அறியாது கலங்கும் பெற்றோர் அமைதியுறுக.

எனினும், முழு விடுதி வசதி கொண்ட பள்ளிகள், மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள், விளையாட்டுப் பள்ளிகள், கலைப் பள்ளிகள் போன்றவை மாணவர்களைத் தேர்ந்தெடுத்தே சேர்த்துக்கொள்கின்றன. கல்வி அமைச்சின் சிறப்புப் பள்ளிகளில் சேர விழைவோருக்குப் பி.கே.எஸ்.கே. எனச் சுருக்கமாக வழங்கும் மதிப்பீடு உள்ளது. மாரா கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பமும் தனித் தேர்வும் உண்டு. விளையாட்டுப் பள்ளிகள் ஓட்டம், தாண்டுதல், உடல் வலிமை ஆகியவற்றைச் சோதிக்கின்றன. கலைப் பள்ளிகள் இசையிலோ நடனத்திலோ ஓவியத்திலோ பிள்ளைக்குள்ள நாட்டத்தை நேரில் கண்டறிகின்றன. யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் அத்தேர்வின் புள்ளிகளே பிள்ளைக்காகப் பேசின. இன்றோ பிள்ளை தானே தனக்காகப் பேச வேண்டியுள்ளது. இம்மாற்றத்தை நாம் உணர்ந்து நடத்தல் வேண்டும்.

நாம் செய்த பிழை

இவ்விடத்தில் நம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். சில ஆண்டுகட்கு முன்னர், நம் மாணவன் ஒருவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவன் தந்தையார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. கணிதத்தில் அவனுக்கு நிகர் அவனே. இத்தகைய வாய்ப்பு நம் பள்ளிக்கு எளிதில் வாய்ப்பதன்று என்பதால், நாமே அவனுக்குப் பயிற்சி அளிக்கத் துணிந்தோம். மலாய் மொழியில் பத்து வினாக்களையும் அவற்றுக்குரிய பத்து விடைகளையும் எழுதிக் கொடுத்தோம். அவனும் ஒரு மாத காலம் இரவு பகலாக அவற்றை மனனம் செய்தான். ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தான். நாமும் பெருமிதம் கொண்டோம்.

நேர்முகத் தேர்வு நாளில் அதிகாரி அவனிடம் முதலில் கேட்டது, "இன்று காலை இங்கு எவ்வாறு வந்தாய்?" என்பதாகும். அவ்வினா நம் பத்தில் இல்லை. சிறுவன் சற்றுத் திகைத்தான். பின்னர், தான் மருத்துவராகி நாட்டிற்குத் தொண்டாற்ற விரும்புவதாகத் தன் இலட்சியத்தை ஒப்பிக்கலானான். அதிகாரிகள் புன்னகை புரிந்து, அவன் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று வினவினர். அவன் தலையைக் கவிழ்த்துக் கொண்டான். அதன்பின் அவன் வாய் திறக்கவேயில்லை.

வெளியே வந்தவன் நம்மிடம் கூறியது இதுவே: "ஐயா, நான் படித்தது எதையுமே அவர்கள் கேட்கவில்லையே!"

அப்பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. குறை அவனுடையதன்று, நம்முடையது. காலையில் தந்தையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செம்மண் சாலையைக் கடந்து, பேருந்து ஏறி வந்த கதையை அவனால் தமிழில் சுவையாகச் சொல்லியிருக்க முடியும். சிறிது பழக்கியிருந்தால் மலாயிலும் சொல்லியிருப்பான். நாமோ அவனுடைய சொந்த நாவைக் கட்டிவிட்டு, நம் சொற்களை அவன் வாயில் திணித்து அனுப்பினோம். அன்று முதல் விடை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை அறவே விட்டொழித்தோம்.

எழுத்துத் தேர்வுக்கு ஆயத்தம்

இத்தகைய நுழைவுத் தேர்வுகள் பாடநூலை மட்டும் சோதிப்பதில்லை. பிள்ளையின் சிந்திக்கும் ஆற்றலையும், மனப்பாங்கையும், கருத்தை எழுத்தில் கோவையாகச் சொல்லும் திறனையும் அவை அளக்க முற்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2, 6, 12, 20 என்னும் எண்களை அடுத்து வருவது யாது என்று வினவப்படலாம். எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு 4, 6, 8 எனக் கூடிச் செல்வதால், அடுத்த வேறுபாடு 10 ஆகும். எனவே விடை 30. இதில் விடையைக் காட்டிலும், "ஏன் 30?" என்னும் கேள்விக்குப் பிள்ளை தன் வாயால் காரணம் கூறுவதே முக்கியமாகும். காரணம் கூறத் தெரிந்த பிள்ளை, எண்கள் மாறினும் மயங்காது.

இப்பயிற்சிக்கு விலையுயர்ந்த நூல்கள் தேவையில்லை. நம் சுற்றுப்புறமே போதும். ஒருவர் ஒரு நிமிடத்தில் இரண்டு இரப்பர் மரங்களைச் சீவினால், 400 மரங்கள் உள்ள ஒரு நிரையை முடிக்க எவ்வளவு நேரமாகும்? 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் எப்பொழுது முடியும்? காலை 9.20க்கு முடியும். இடையில் கத்தி தீட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆயின்? இவ்வாறு ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கைப் பிறப்பித்துக் கொண்டே செல்லலாம்.

எழுதும் ஆற்றல் வாசிப்பிலிருந்தே பிறக்கும். நான்காம் ஆண்டு முதற்கொண்டு நாள்தோறும் இருபது நிமிடம் வாசித்தல் வேண்டும். ஒரு நாள் தமிழ், மறுநாள் மலாய், அதற்கடுத்த நாள் ஆங்கிலம் என மாற்றி மாற்றி வாசிக்கலாம். வாசித்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதச் செய்தல் நன்று. சில தேர்வுகள் கணினி வழியாக நடைபெறுவதால், விசைப்பலகையில் தட்டச்சுச் செய்யவும், கொடுத்த நேரத்திற்குள் முடிக்கவும் பள்ளிக் கணினி அறையிலேயே பழகிக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தும் கருவி பழகாமையால் பின்தங்குவது வருந்தத்தக்கது.

மலாய் மொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அம்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத காரணத்தால் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. தாய்மொழியில் ஊன்றிக் கற்ற பிள்ளைக்குப் பிறமொழி பகையாகாது. ஆனால் வகுப்பில் எழுதுவதோடு நின்றுவிட்டால் நா பழகாது. கடைக்காரரிடமும், பேருந்து ஓட்டுநரிடமும், அண்டை வீட்டாரிடமும் பிள்ளையே பேசட்டும். பெற்றோர் முந்திக்கொண்டு பேசிவிடுதல் கூடாது.

பேச்சுக்கு ஆயத்தம்

நம் குழந்தைகள் நேர்முகத் தேர்வில் வாய் திறவாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. நம் வளர்ப்பு முறையும் ஒரு காரணமாகும். பெரியோர் முன் தலைதாழ்த்தி நிற்பதும், எதிர்ப்பேச்சுப் பேசாதிருப்பதும் நம் இல்லங்களில் நற்பண்பாகக் கருதப்படுகின்றன. அதே பிள்ளை அதிகாரியின் முன் தலைகுனிந்து மௌனமாக நிற்குங்கால், அதனை அவர் மரியாதையாகக் கொள்வதில்லை. ஒன்றும் அறியாத பிள்ளை என்றே எண்ணிவிடுகிறார். ஆகவே, "கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவமரியாதையன்று, கேட்ட கேள்விக்கு விடை சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை" என்று பெற்றோரே பிள்ளையிடம் எடுத்துக் கூறி அனுமதி அளிக்க வேண்டும். ஆசிரியர் நூறு முறை சொல்வதைக் காட்டிலும் தந்தை ஒரு முறை சொன்னால் பிள்ளையின் அச்சம் அகலும்.

மலாய் மொழியின் மரியாதைச் சொற்களையும் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். தன்னைக் குறிக்கச் 'சாயா' என்றே சொல்ல வேண்டும்; நண்பரிடம் வழங்கும் 'ஆக்கு' இங்கு ஏலாது. ஆடவரைத் 'துவான்' அல்லது 'என்சிக்' என்றும், பெண்டிரைப் 'புவான்' என்றும் விளிக்க வேண்டும். 'அவாக்' என்று பெரியோரைச் சுட்டுதல் தவறாகும். கேள்வி விளங்கவில்லையெனில், 'மிந்தா மாஆப், போலே உலாங் சோஆலான்?' என்று பணிவுடன் மறுமுறை கேட்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை அறியாமல் விழித்து நின்ற பிள்ளைகள் பலர். விடை தெரியாவிடில் தெரியாது என்று நேர்மையாகக் கூறிவிடுதல் சாலச் சிறந்தது. பொய்யாக ஒன்றைப் புனைந்தால், அடுத்த கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

தந்தையின் தொழிலைப் பற்றிய வினா பெரும்பாலும் கேட்கப்படும். அதற்கு நாணித் தலைகுனியும் பிள்ளையைக் காணும்பொழுது நம் நெஞ்சம் புண்படுகிறது. நாணுவதற்கு அதில் யாதுளது? இரப்பர் மரத்தை ஏன் விடியற்காலையில் சீவுகின்றனர்? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகின்றது. வெயில் ஏறினால் வடிதல் குறைகின்றது. வெட்டுக் கோட்டை இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் ஏன் சாய்வாக இடுகின்றனர்? பட்டையில் உள்ள பாற்குழல்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், அவ்வாறு வெட்டினால் மிகுதியான குழல்கள் அறுபடும். கத்தி மிக ஆழமாகப் பாய்ந்தால் யாது நிகழும்? பட்டைக்கு உள்ளிருக்கும் வளர்படலம் புண்பட்டு, புதிய பட்டை சீராக வளராது முண்டும் முடிச்சுமாகும். இத்தனை அறிவியலும் பால்மரம் சீவுவோரின் கைத்திறனில் அடங்கியுள்ளது. இதனைத் தந்தையிடமோ தாயிடமோ பாட்டனாரிடமோ கேட்டறிந்து தலைநிமிர்ந்து விளக்கும் சிறுவனை எந்த அதிகாரிதான் மறப்பார்? தந்தையார் லாரி ஓட்டுநராயினும், தொழிற்சாலை ஊழியராயினும், தாயார் துப்புரவுப் பணியாளராயினும் இதுவே முறை. அத்தொழிலில் அவர் செய்வது யாது, அதற்கு வேண்டிய திறமை யாது என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

பொது அறிவிலும் ஒப்பித்தல் பயன்தராது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் நம் மாணவர் அனைவரும் அறிவர். "ஐந்தாம் கோட்பாடான நன்னடத்தையும் ஒழுக்கமும் என்பதை நீ எவ்வாறு கடைப்பிடிக்கிறாய்?" என்று கேட்டால்தான் தடுமாறுவர். "சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நின்று உணவு வாங்குகிறேன், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு முன்னால் இடம் விடுகிறேன்" என்று சிறுவன் ஒருவன் சொல்வானாயின், அதுவே சிறந்த விடையாகும்.

சில நேர்முகத் தேர்வுகளில் மாணவர்களைக் குழுவாக அமர்த்தி ஒரு வேலையைச் செய்யச் சொல்வர். அப்பொழுது ஓயாது பேசுபவனும் தேறுவதில்லை. பேசாது இருப்பவனும் தேறுவதில்லை. பிறர் சொல்வதைச் செவிமடுத்து, தன் முறை வரும்போது கருத்தைக் கூறி, பேசாதிருக்கும் தோழனையும் பேசச் செய்பவனே மதிக்கப்படுகிறான்.

நம் பள்ளியில் இதற்கென ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளோம். நாள்தோறும் காலை வேளையில் மாணவர் ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். எழுதி வைத்துப் படித்தல் கூடாது. தான் கண்டதையோ செய்ததையோ மட்டுமே கூறலாம். முதல் மாதத்தில் அழுத பிள்ளைகளும் உண்டு. ஆண்டிறுதிக்குள் அவர்களே முறை கேட்டு வருகின்றனர்.

பெற்றோர் கவனத்திற்கு

எழுத்தறியாத பெற்றோரும் இதில் பெருந்துணை புரியலாம். இரவு உணவின்போது, "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "ஒன்றும் இல்லை" என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடாதீர்கள். "யாரோடு விளையாடினாய்? ஏன் அவன் வரவில்லை?" என்று தொடர்ந்து வினவுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைத்துச் செவிமடுங்கள். இதற்கு இணையான நேர்முகப் பயிற்சி வேறில்லை.

ஆவணங்களை முன்கூட்டியே சரிபார்த்தல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், மைகிட் அட்டை, புறப்பாட நற்சான்றிதழ்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் ஓர் உறையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கோவையும் பிற சான்றிதழ்களில் வேறோர் எழுத்துக்கோவையுமாகப் பெயர் அமைந்திருப்பின், ஐந்தாம் ஆண்டிலேயே அதனைத் திருத்த முயலுங்கள். ஒரு வேளை பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லையாயின், வெட்கத்தால் மறைக்காது உடனே நம்மிடம் தெரிவியுங்கள். காலம் கடத்துவது பிள்ளையின் வாழ்வையே முடக்கிவிடும். விண்ணப்பத்தின் இறுதி நாளையும் கருத்திற் கொள்க. இறுதி நாளன்று மாலையில் நம் அலுவலகத்திற்கு ஓடி வருவது பயன்தராது.

தேர்வுக்கு முதல் நாள் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டா. பிள்ளை நேரத்தோடு உறங்கட்டும். காலையில் எண்ணெய் மிகுந்த உணவைத் தவிர்த்து, எளிய உணவைக் கொடுங்கள். நெடுந்தூரப் பயணத்தில் வாந்தியெடுக்கும் பிள்ளைகள் உண்டாகையால், ஒரு மாற்றுச் சட்டையும் தண்ணீரும் உடன் இருத்தல் நலம். அரை மணி நேரம் முன்னதாகச் சென்றடைந்து, கழிவறைக்குச் சென்றுவரச் செய்யுங்கள். துவைத்துத் தேய்த்த பள்ளிச் சீருடையே போதும்; புத்தாடை வேண்டியதில்லை.

"குடும்ப மானமே உன் கையில்தான் இருக்கிறது" என்று கூறி அனுப்புதல் கூடாது. 12 வயதுத் தோள்களில் அப்பாரத்தை ஏற்றுதல் முறையன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் தவறு. மேலும், விடுதியில் தங்கிப் பயிலப் பிள்ளைக்கே விருப்பம் உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். தன் துணியைத் தானே துவைக்கவும், படுக்கையை மடிக்கவும், பலரோடு கூடி உண்ணவும் பழகாத பிள்ளை, தேர்வில் தேறினாலும் விடுதியில் தேறாது; இரண்டு வாரத்தில் அழுதுகொண்டு திரும்பிவிடும்.

இடம் கிடைக்காவிடினும் எதுவும் முடிந்துவிடவில்லை. விடுதிப் பள்ளி மாணவரும் சாதாரண இடைநிலைப்பள்ளி மாணவரும் எழுதுவது ஒரே எஸ்.பி.எம். தேர்வே. நாம் மேலே குறிப்பிட்ட அம்மாணவன் அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியிலேயே பயின்றான். பின்னர்த் தொழிற்கல்வி கற்று இன்று நற்பணியில் உள்ளான். சென்ற ஆண்டு பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்திருந்தவன், நம் மாணவர்கள் முன் எழுந்து நின்று, தன் தந்தையார் குலை வெட்டிய கதையைத் தயக்கமின்றி எடுத்துரைத்தான். அவன் தந்தையாரும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்தார்.

அன்று அந்த அறையில் அவன் சொல்ல வேண்டியிருந்த விடை அதுவே. இனி நம் பிள்ளைகள் அதனை உரிய வேளையில் சொல்லட்டும். அதற்கான பயிற்சி இன்றிரவு உணவு வேளையிலேயே தொடங்குவதாக.